கல் ஏற்ற எந்த வண்டி: பொலேரோ பிக்கப்பா, படா தோஸ்தா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட அளவில் முதலில் சுருக்கிச் சொல்கிறேன். பிசகியிருந்தால் திருத்துங்கள். ஆத்தங்குடியில் அப்பாவும் நீங்களும் பூக்கல், அதாவது பூ வேலைப்பாடுள்ள தரைக் கல், வார்க்கும் பட்டறை நடத்துகிறீர்கள். இதுவரை வாடகை வண்டியில் அனுப்பி வந்த கல்லை இனிச் சொந்த வண்டியில் அனுப்புவது என்று முடிவு செய்து, மஹிந்திராவின் பொலேரோ பிக்கப் 1.7 டன் ரகத்துக்கும் அசோக் லேலண்டின் படா தோஸ்த் ஐ4 ரகத்துக்கும் நடுவில் நின்று யோசிக்கிறீர்கள். நான்கு நடையில் மூன்று நடை கல், ஒரு நடை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குப் போகும் பழைய மரம். பெரும்பாலும் திருச்சி, மதுரை, மாதம் ஒரு முறை சென்னை. ஓட்டுநர் வைக்காமல் நீங்களும் அப்பாவும் மாறி மாறி ஓட்டப் போகிறீர்கள். அமெரிக்காவில் இருக்கும் மாமா, வாங்குவதைப் பெரிய பிக்கப்பாக வாங்கு என்கிறார். வைத்திருந்தவர்களின் அனுபவம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்கிறீர்கள்.

மாமா சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் மனத்தில் இருப்பது ஃபோர்டு எஃப் 150, ஷெவ்ரோலே சில்வராடோ, ராம் 1500 போன்றவை. அங்கே முழு அளவுப் பிக்கப் என்றால் அவைதாம். அவற்றின் பெருமை இழுவையில் இருக்கிறது. பின்னால் தனி டிரெய்லரை மாட்டிப் படகையும் குதிரையையும் இழுத்துச் செல்வார்கள். தொட்டியில் ஏற்றும் சுமை என்று பார்த்தால் அந்த வகுப்பு வண்டிகள் பெரும்பாலும் ஒரு டன்னைச் சுற்றியே நிற்கும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டும் அதைவிட அதிகம் சுமக்கின்றன. மாமா நல்லெண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் அவருடைய அளவுகோல் நம் பட்டறைக்குப் பொருந்தாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத் தாளில் எச்.பி. எவ்வளவு, டன் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், ஏற்றும் சரக்கில் எடை முதலில் தீருமா, இடம் முதலில் தீருமா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல ஆண்டுகள் கல்லும் மரமும் ஏற்றிய பிறகு, வண்டி வாங்க வரும் எவரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். பத்து அங்குலப் பூக்கல், முக்கால் அங்குல கனம் என்றால் ஒன்று ஏறத்தாழ 2.8 கிலோ வரும். உங்கள் பட்டறைத் தராசில் பத்துக் கல்லை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்து முழுக்கக் காயாத கல் இன்னும் கூடுதலாக இருக்கும். நூறு சதுர அடிக்கு 144 கல், அதாவது 400 கிலோவுக்குச் சற்று மேல். 1700 கிலோ ஏற்றும் வண்டியில் 600 கல் போகும், தரைக் கணக்கில் ஏறத்தாழ 417 சதுர அடி. அந்த 600 கல்லையும் வைக்கோல் கொடுத்துச் செங்குத்தாக நிறுத்தினால், தொட்டியின் குறுக்கே ஒரு வரிசைக்கு 75 வீதம் எட்டு வரிசை வரும். நீளத்தில் ஏழு அடி பிடிக்கும், உயரத்தில் ஒரு சாணுக்குச் சற்று மேல். வண்டி தன் முழுச் சுமையையும் சுமந்துவிட்டது. ஆனால் பின்கதவைத் திறந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தொட்டி காலியாகவே தெரியும். "இன்னும் ஒரு அடுக்கு தாராளமாகப் போகுமே" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. அந்த ஒரு அடுக்கையும் சேர்த்தால் மொத்தம் 3.4 டன் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

எனக்கும் உறைக்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், திருச்சியில் ஒரு வீட்டுக்கு இரண்டு நடையாகக் கொண்டுபோக வேண்டிய கல்லை ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று இரண்டாவது அடுக்கையும் பாதிக்கு மேல் ஏற்றினேன். இறக்க வசதியாக இருக்கட்டும் என்று பாரத்தைப் பின்கதவுப் பக்கமாகவே வைத்தேன். திருமயம் தாண்டுவதற்குள் ஸ்டீயரிங் கையில் கனமில்லாமல் மிதந்தது. முன் சக்கரங்கள் தரையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்பதற்கு அது அறிகுறி என்று இப்போது தெரியும், அன்று தெரியவில்லை. சிறிது தூரத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பின்பக்க ஸ்பிரிங் கட்டின் மெயின் பிளேட் முறிந்து, பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து, அச்சே ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டது. வண்டி எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே பொருட்டல்ல, தவறு முழுக்க என்னுடையது. உடைந்த கல் நாற்பதுக்கு மேல். அவற்றில் பாதி, வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, சுற்றி வரும் கரைக் கல். அதே வார்ப்பு அச்சில், அதே கைக்காரரே மறுபடி வார்த்துக் கொடுத்தார். ஆனால் காவியின் சாயல் ஒரு மயிரிழை மாறிவிட்டது. அந்த வீட்டுத் தரையில் இன்றும் அந்த மாற்றத்தைக் காட்ட என்னால் முடியும்.

அதற்குப் பிறகு நான் செய்தது இரண்டாவது தவறு, முதல் தவறைவிட அதிகம் பேர் செய்வது. ஸ்பிரிங் பட்டறை ஒன்றில் பக்கத்துக்கு இரண்டு பிளேட் கூடுதலாகப் போட்டேன். முழுப் பாரத்தில் வண்டி நிமிர்ந்து நின்றது, மனத்துக்கு நிறைவாக இருந்தது. பாதிப் பாரத்தில் போகும்போதுதான் விளைவு தெரிந்தது. ஸ்பிரிங் வளையவே இல்லை, சாலையின் ஒவ்வொரு அதிர்வும் நேரே கல்லுக்குப் போயிற்று. கல் இரண்டாக உடையாது, மூலை மட்டும் தட்டிப்போகும். இறக்கிவைத்து வைக்கோலை உதறும்போது அரிசி அளவு வெள்ளைச் சில்லு விரலில் ஒட்டும். எடுத்துப் பார்த்தால் பூவின் முனை போயிருக்கும். மூலை போன கல்லைக் கொத்தனார் ஓரத்தில் வெட்டிப் பயன்படுத்துவார், ஆனால் வாங்கியவர் முகம் வாடும். ஆகையால் எந்த வண்டி வாங்கினாலும் நிறுவனம் கொடுத்த ஸ்பிரிங் கட்டைத் தொடாதீர்கள். கூடுதல் சுமை தேவைப்படும் என்று இப்போதே தோன்றினால் அடுத்த பெரிய ரகத்தை வாங்குங்கள். மஹிந்திராவின் பொலேரோ மேக்ஸ் வரிசையில் 2 டன் வரை உண்டு.

அடுக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை, இடையில் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லின் முகம் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். முன்பின்னாகப் பார்க்க நிறுத்தினால், பிரேக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் வரிசை முழுவதும் முன்னால் நிற்கும் கல்லின் மேல் சாயும். கேபின் பக்கச் சுவரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி அடுக்குங்கள். மீதியிருக்கும் இடம் பின்கதவுப் பக்கம் காலியாக இருக்கட்டும், அங்கே கட்டையை வைத்து முட்டுக் கொடுத்தால் போதும்.

இப்போது இரண்டு வண்டிகளின் அமைப்பு. பொலேரோ பிக்கப், முன்னால் பானெட் நீண்ட மூக்கு வண்டி. இயந்திரம் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கிறது, கதவு முன் சக்கரத்துக்குப் பின்னால் வருகிறது. படா தோஸ்த், 2020 செப்டம்பரில் வந்தது, முகம் தட்டையான வகை. ஓட்டுநர் ஏறக்குறைய முன் சக்கரத்தின் மேலேயே உட்காருகிறார். இதனால் விளையும் நன்மை மறுக்க முடியாதது. மூக்குக்குப் போகும் இடம் மிச்சப்படுவதால், மொத்த நீளத்தைக் கூட்டாமல் தொட்டியை நீட்ட முடிகிறது. ஐ4-இல் தொட்டி ஏறத்தாழ 9 அடி 8 அங்குலம். தொட்டி முன்னோக்கி வருவதால் சுமையில் ஒரு நல்ல பங்கு முன் அச்சுக்கும் போகிறது. மூக்கு வண்டியில் தொட்டி பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பதால், அடுக்கத் தெரியாதவர் கையில் எல்லாப் பாரமும் பின் அச்சின் தலையில் விழும். நான் திருமயத்தில் பட்ட பாடு அப்படி வந்ததே.

அப்படியானால் தட்டை முகமே மேல் என்று தோன்றும். மரத்துக்கு அது உண்மை. பர்மாத் தேக்குத் தூணும், நிலையும், சாளரச் சட்டமும் எடையில் உங்களைத் தோற்கடிப்பதற்கு முன் நீளத்தில் தோற்கடித்துவிடும். அரை அடி கூடுதல் தொட்டி என்பது அங்கே பெரிய விஷயம், ஏனென்றால் சரக்கைப் பின்னால் நீட்டிக்கொண்டு போவது ஆபத்து மட்டுமன்றி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் 20,000 ரூபாய் அபராதத்துக்கும் உரியது. நாள் முழுதும் மரமும் பழம்பொருளும் ஏற்றுகிறவர் என்னிடம் கேட்டால் தயங்காமல் படா தோஸ்த் என்பேன். கல்லுக்கு அந்த நீளம் பயன்படாது. ஏழு, எட்டு அடியில் எடை தீர்ந்துவிடுகிறது, மீதி இடம் காற்றைச் சுமக்கும். வேறு வகையில் சொன்னால், அந்தக் காலி இடம் இன்னொரு வரிசை ஏற்றச் சொல்லி உங்களை வம்புக்கு இழுக்கும்.

இயந்திரத்தைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்படுவது கடிதத்தில் தெரிகிறது. அவ்வளவு கவலை வேண்டாம். பொலேரோவில் நான்கு சிலிண்டர், 2.5 லிட்டர். படா தோஸ்தில் 1.5 லிட்டர், 80 எச்.பி., 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பொலேரோ மேக்ஸ் வரிசையில் ரகத்துக்கு ஏற்ப 200 அல்லது 220 நியூட்டன் மீட்டர். தாளில் இவை அருகருகே இருக்கின்றன. நம் பகுதி சமதளம், கண்மாய்க் கரை ஏற்றத்தைத் தவிர ஏற்றமே கிடையாது. கொடைக்கானலில் விடுதி கட்டுகிறவர்கள் இப்போது பூக்கல் கேட்கிறார்கள் என்றால், முழுப் பாரத்தோடு மலை ஏறும் நாள்களில் பெரிய இயந்திரம் அலட்டிக்கொள்ளாமல் ஏறும். சிறிய இயந்திரத்தில் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். சமதளத்தில் டீசல் செலவு சிறிய இயந்திரத்துக்கு ஆதரவாக இருக்கும் என்பதும் நியாயமான எதிர்பார்ப்புத்தான். எடுத்துக்காட்டாக ஒன்று லிட்டருக்கு 14 கிலோமீட்டர், மற்றது 12 கொடுப்பதாக வைத்துக்கொண்டால், மாதம் 2000 கிலோமீட்டருக்கு 24 லிட்டர் வித்தியாசம். நாற்பது கல் உடைந்தால் அந்தச் சேமிப்பு எத்தனை மாதத்துக்குப் போய்விடும் என்பதை உங்கள் கல் விலையை வைத்து நீங்களே கணக்கிடலாம்.

அப்பாவைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள்: வலது முழங்கால் சரியில்லை, ஆனாலும் ஓட்டுவதை விடமாட்டார். எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமாகப் பட்ட வரி அதுதான். தட்டை முக வண்டியில் ஏற, சக்கர வளைவுக்கு அருகில் கால் வைத்து, கைப்பிடியைப் பற்றி, உடம்பைத் தூக்கி உள்ளே போட வேண்டும். இறங்கும்போது பின்புறமாகத் தேடித் தேடிக் கால் வைக்க வேண்டும். இருபது வயதில் இது ஒரு பொருட்டில்லை. ஒரு நாளைக்குப் பட்டறை, சிமெண்டுக் கடை, வங்கி, தார்ப்பாய் கட்ட ஒரு முறை, கயிறு சரிபார்க்க ஒரு முறை என்று பதினைந்து தடவை ஏறி இறங்கும் அறுபது வயதுக்காரருக்கு அது தினசரி வேதனை. மூக்கு வண்டியில் கதவைத் திறந்தால் கால் நேராக உள்ளே போகும். சென்னைக்கு 400 கிலோமீட்டர் ஓட்டும் நாளில் இன்னொன்றும் தெரியும். இருக்கைக்கு அடியில் இயந்திரம் உள்ள வண்டிகளில் சித்திரை, வைகாசி வெயிலில் சூடு தொடை வரை ஏறும். இயந்திரம் முன்னால் இருந்தால் அந்தத் தொல்லை குறைவு. எதிரே மோதல் நேர்ந்தால் காலுக்கு முன்னால் ஓரளவு இரும்பு இருக்கிறது என்பதையும், சொல்ல விருப்பமில்லாவிட்டாலும், சொல்லித்தான் ஆக வேண்டும்.

தட்டை முகத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஊருக்குள் திருப்புவது அதில் எளிது. முன் முனை எங்கே முடிகிறது என்பது கண்ணுக்கு நேரே தெரிகிறது. ஆனால் செட்டிநாட்டு ஊர்களின் தெருக்கள் நேர்கோட்டில் அகலமாகப் போடப்பட்டவை. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வண்டியைத் திருப்பாமலே முன்னால் இறக்கிப் பின்னால் போய்விடலாம். மதுரையில் பழைய ஊருக்குள் அடிக்கடி போகிறவருக்கு அந்த நன்மை பெரிது, உங்களுக்கு அவ்வளவு இல்லை.

சட்டக் காகிதங்களில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. நீங்கள் பார்க்கும் இரண்டு ரகமும் அதைத் தாண்டுபவை, ஆகவே பெர்மிட் எடுத்தாக வேண்டும். எப்.சி. என்னும் தகுதிச் சான்று முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும். அப்பாவிடம் இருப்பது சாதாரண இலகுரக உரிமம் என்றால் அதுவே போதும். 7500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை அந்த உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2000 ரூபாய். அதைவிட, பாரம் மீறியிருந்த நிலையில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் வரும் சிக்கலுக்கே நான் அதிகம் பயப்படுகிறேன்.

தவணையை நிர்ணயிக்கும்போது ஆடியையும் மார்கழியையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மாதமும் புது வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள், கல் நகராது, தவணை மட்டும் வந்து நிற்கும். தையிலும் சித்திரையிலும் வரும் வருமானத்தை வைத்து மாதத் தொகையை ஒப்புக்கொண்டு பிறகு திண்டாடியவர்களை எனக்குத் தெரியும். முன்பணத்தைக் கூட்டி, தவணையைக் குறைத்து, அந்த இரண்டு மாதத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வண்டியைத் தொடுங்கள்.

வைத்திருப்பவர்களைக் கேட்பதாக இருந்தால், வாங்கி ஒரு வருடம் ஆனவரைக் கேட்காதீர்கள். அவர் தம் தேர்வை நியாயப்படுத்தவே பேசுவார். நான்கு ஆண்டு ஓட்டியவரைக் கேளுங்கள், முதலாளியைவிட ஓட்டுநரைக் கேளுங்கள், ஓட்டுநரைவிட வண்டியையே கேளுங்கள். காலையில் புதுவயலுக்குப் போனால் அரிசி ஆலை வாசல்களில் இரண்டு வகை வண்டியும் வரிசையாக நிற்கும். குனிந்து பின்பக்க ஸ்பிரிங்கைப் பாருங்கள். பிளேட் கூட்டியிருக்கிறார்களா, ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் புதிதாக இருக்கிறதா, பின் டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? கூட்டியிருந்தால் அந்த வண்டி தன் அளவுக்கு மீறிச் சுமக்கிறது என்று பொருள். அதன் உரிமையாளர் சொல்லும் குறையையும் நிறையையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்ததாக, காரைக்குடியில் நீங்கள் வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம், கிளட்ச் பிளேட்டும் பிரேக் லைனிங்கும் கேட்ட அன்றே கிடைப்பது எதற்கு என்று கேளுங்கள். பொலேரோ பிக்கப் நம் பக்கம் எண்ணிக்கையில் மிகுதி. உதிரிப் பாகமும், கை பழகிய மெக்கானிக்கும், பின்னாளில் விற்கும்போது வாங்க ஆளும் அதற்கு எளிதாகக் கிடைப்பது அதனால்தான். படா தோஸ்துக்கும் சர்வீஸ் உண்டு, லேலண்ட் நம் மாநிலத்து நிறுவனம். இருந்தாலும் நெடுஞ்சாலையில் இரவு பத்து மணிக்கு நின்றுவிட்டால், பக்கத்து ஊர் மெக்கானிக்குக் கைப்பழக்கம் உள்ள வண்டியாக இருப்பதன் அருமை அப்போது தெரியும்.

ஆகவே உங்கள் பட்டறைக்கு, உங்கள் அப்பாவை மனத்தில் வைத்து, நான் பொலேரோ பிக்கப் 1.7-ஐச் சொல்கிறேன். மரம் ஏற்றும் நடை நான்கில் இரண்டாக உயரும் என்று நினைத்தால் என் பதில் மாறும். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஷோரூமில் காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதால் கல்லைப் பற்றி எதுவும் தெரியவராது. இரண்டு வண்டியையும் ஒரு காலைப் பொழுது பட்டறைக்கு வரவழையுங்கள். உண்மையாக வாங்கும் எண்ணம் இருப்பது தெரிந்தால் பெரும்பாலும் அனுப்புவார்கள். முழுப் பாரம் வேண்டாம், 300 கல் ஏற்றுங்கள், ஏனென்றால் மூலை போவது பாதிப் பாரத்தில்தான். விற்க முடியாத சாயல் மாறிய கல்லாக எடுத்துக்கொண்டால் நஷ்டமில்லை. ஆத்தங்குடியிலிருந்து பள்ளத்தூர் வழியாகப் புதுவயல் போய்த் திரும்புங்கள், வழியில் இரண்டு மூன்று இடத்தில் அப்பா இறங்கி ஏறட்டும். அவரிடம் எதுவும் கேட்காதீர்கள், கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். திரும்பி வந்ததும் வைக்கோலை மெதுவாக விலக்கி, பின் அச்சுக்கு நேர் மேலே இருந்த வரிசையில் பத்துக் கல்லை எடுத்து, மூலைகளின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள்.